இரண்டு லினக்ஸ் கணினி, ஒரே நெட்: எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்க

முன்னறைக் கணினிக்கு வரும் நெட்டை லேன் கேபிள் வழியாக உள்ளறை லேப்டாப்புக்கும் பகிர்கிறீர்கள்; கணினியில் ஓடுகிறது, லேப்டாப்பில் ஓடவில்லை. உடனே செட்டிங்கைக் குடையாதீர்கள், முதலில் கேபிளைப் பாருங்கள். தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் கூப்பிடு தூரம்தான். இந்தக் கரையில் இரும்பு, செம்பு எதையும் உப்புக்காற்று விட்டுவைப்பதில்லை.

லேன் கேபிளின் கிளிப்பை அமுக்கிக் கழற்றி, முனையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எட்டுத் தகடும் பளிச்சென்று தெரிய வேண்டும். ஓரத் தகட்டில் பச்சை பூத்திருந்தால் அதைத் துடைத்து மாட்டுவது சும்மா ஒப்புக்குத்தான். வெட்டிவிட்டுப் புது முனையைக் கிரிம்ப் செய்யுங்கள், அதாவது கருவியால் அழுத்திப் பொருத்துங்கள். ஜிகாபிட் வேகத்துக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நாலே போதும். அதனால் ஒரு கம்பி போனாலும் நெட் நிற்காமல் வேகம் மட்டும் குறையலாம். லேன் வேகத்தைக் காட்டும் 'எத்டூல்' கட்டளை 1000 காட்ட வேண்டிய இடத்தில் 100 காட்டினால் முனையைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கேபிள் சரியென்றால், பகிரும் கணினியின் நெட்வொர்க் மேனேஜரில் லேன் இணைப்பைத் திறந்து, ஐபிவி4 பகுதியில் 'ஷேர்டு டு அதர் கம்ப்யூட்டர்ஸ்' தேர்ந்தெடுங்கள். மற்றதில் 'ஆட்டோமேட்டிக்' இருந்தால் போதும். பகிரும் கணினி வழக்கமாக 10.42.0.1 என்ற முகவரியை எடுத்துக்கொள்ளும், லேப்டாப்புக்கும் அதே வரிசையில் ஒன்று கிடைக்கும். 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால் முகவரி கொடுக்க ஆளில்லை என்று அர்த்தம். பகிரும் கணினியில் டிஎன்எஸ்மாஸ்க் (முகவரி கொடுப்பதையும் பெயர்த் தேடலையும் கவனிக்கும் நிரல்) தனியாக ஓடி 53 போர்ட்டைப் (நெட் போக்குவரத்துக்கான எண்ணிட்ட வாசல்) பிடித்திருக்கிறதா, ஃபயர்வால் (நெட் தடுப்புச்சுவர்) முகவரி கொடுக்கும் போர்ட்டான 67-ஐ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இனி லேப்டாப்பிலிருந்து வரிசையாகப் பிங், அதாவது ஒரு முகவரி பதில் சொல்கிறதா என்று கேட்கும் கட்டளை. 10.42.0.1 பதில் சொல்கிறது, வெளியே இணையத்தில் இருக்கும் கூகுளின் 8.8.8.8 சொல்லவில்லை என்றால் சிக்கல் பகிரும் கணினிக்குள்தான். ஐபி ஃபார்வர்டு (ஒரு பக்கம் வரும் தரவை மறுபக்கம் கடத்தும் அமைப்பு) மதிப்பு 1 ஆக இருக்கிறதா பாருங்கள். இருந்தும் போகவில்லையா? அந்தக் கணினியில் டாக்கர் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டியில் ஓட்டும் மென்பொருள்) போட்டிருக்கிறீர்களா? அது லினக்ஸின் தடுப்பு விதிகளான ஐபிடேபிள்ஸில் ஃபார்வர்டு வழியை 'டிராப்' (தடு) என்று மாற்றிவைக்கும். யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வாலும் ஆரம்பத்திலேயே அப்படித்தான் வைத்திருக்கும். சோதனைக்கு அதை 'அக்செப்ட்' (விடு) ஆக்கிப் பாருங்கள். நெட் வந்தால் லேனுக்கு மட்டும் விதி எழுதிவிட்டு, பழையபடி 'டிராப்' ஆக்கிவிடுங்கள். வாசலைத் திறந்துபோட்டுத் தூங்கக் கூடாது.

8.8.8.8 பதில் தருகிறது, தளத்தின் பெயர் போட்டால் வரவில்லை: அது டிஎன்எஸ், தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் ஏற்பாடு. லேப்டாப்பில் எப்போதோ கையால் போட்ட பழைய டிஎன்எஸ் முகவரியை அழித்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

போனை யூஎஸ்பியில் மாட்டி நெட் எடுப்பவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். தனுஷ்கோடிப் பக்கம் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்வதுண்டு. ரோமிங் டேட்டா அணைத்திருந்தால் பகிர நெட்டே இருக்காது; லினக்ஸைத் திட்டிப் பயனில்லை. போனில் உங்கள் இந்திய நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்துவிடுங்கள். அடுத்தது, வாட்ஸ்அப் வெப்பில் செய்தி போகிறது, பெரிய பக்கம் பாதியில் நின்று சுற்றுகிறது என்றால் லேப்டாப்பின் எம்டியூவை (ஒரு தடவையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் அளவு) 1500-லிருந்து 1400-க்குக் குறையுங்கள். என் அண்ணன் மகளின் ஆன்லைன் வகுப்பு அதற்குப் பிறகுதான் தடங்கலில்லாமல் ஓடியது.