கிருஷ்ணகிரி கோட்டையை மேசைக்குக் கொண்டு வருவது எப்படி? (நோட்டு போட்டு வேலை செய்யும் முறை)

மினியேச்சர் வார்கேம், அதாவது சின்னச் சிப்பாய் பொம்மைகளை வைத்து பழைய போரை மேசையில் ஆடும் விளையாட்டு, ஆரம்பிக்கிற எல்லாரும் முதலில் பொம்மையைத்தான் வாங்குகிறோம். நானும் அப்படித்தான் வாங்கினேன். வாங்கியதில் பாதி இன்னும் பரணில் மாம்பழக் கூடைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. இந்தப் பதிவு அடுத்த பாதியைப் பற்றியது, அதாவது திட்டம் போட்டு, எழுதி வைத்து, கடைசியில் மேசை வரைக்கும் வந்து சேர்ந்த 60 பேரைப் பற்றியது. பொம்மையை எப்படி வெட்டுவது, ஒட்டுவது, பிரஷ் எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் இதில் இல்லை, அது நாலு பொம்மை கெட்டுப் போனால் தானாக வந்துவிடும்.

முதல் படி: எந்தச் சண்டை என்று ஒரே வரியில் எழுதுங்கள்

"மைசூர்ப் போர்" என்று எழுதினால் அது திட்டம் இல்லை, ஆசை. என் நோட்டில் முதல் பக்கத்தில் இருப்பது இது: "1791 நவம்பர், மேக்ஸ்வெல் படை கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கும் இரவு." கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு வந்த கர்னல் மேக்ஸ்வெல் பேட்டையையும் கீழ்க்கோட்டையையும் பிடித்துவிட்டார், மேல்கோட்டைதான் மசியவில்லை. மேலே இருந்த திப்புவின் ஆட்கள் பாறைகளை உருட்டிவிட, ஏணியோடு ஏறியவர்கள் திரும்ப வேண்டியதாகிவிட்டது. அடுத்த வருஷம், 1792இல், ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் (கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரம்) முழுவதும் கம்பெனி கைக்குப் போனது வேறு கதை.

இந்த ஒரு வரி எழுதியதும் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். குதிரைப்படை வேண்டாம், ஏணி வேண்டும், உருட்டுவதற்குப் பாறை வேண்டும், பெரிய பீரங்கி தேவையில்லை. நான் இதை எழுதுவதற்கு முன்னால் 12 குதிரை வாங்கியிருந்தேன். பரணில் இருப்பதில் அதுவும் சேர்த்தி.

இரண்டாவது படி: அளவு

ஆள் உயரம் 28 மிமீ என்றால் உத்தேசமாக 60இல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் 100 மீட்டர் மலை ஒன்றே முக்கால் மீட்டர் கிட்ட வரும், ஃபேனில் இடிக்கும். 15 மிமீ எடுத்தாலும் அதே மலை ஒரு மீட்டர். கோட்டை நிற்கிற சையத் பாஷா மலையை நேரில் பார்த்தவர்களுக்கு இந்த வேதனை புரியும். ஆளுக்கு ஒரு அளவு, மலைக்கு ஒரு அளவு என்று ஏமாற்றத்தான் வேண்டும். நான் 15 மிமீ ஆட்களோடு மலையை ஒன்றரை அடியில் நிறுத்தினேன். இப்படி ஏமாற்றியதையும் நோட்டில் எழுதுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாசம் கழித்து வாசலை மட்டும் சரியான அளவில் செய்து ஒட்டப் பார்ப்பீர்கள். நான் பார்த்தேன், வாசல் மலையில் பாதி இருந்தது.

மூன்றாவது படி: நேரக் கணக்கு

இது சுருக்கமான படி. ஒரு பொம்மையை முழுசாக முடித்து எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதுங்கள். எனக்கு 45 நிமிஷம். 60 பேருக்கு 45 மணி நேரம், வாரத்துக்கு எனக்குக் கிடைப்பது மூன்று மணி நேரம், ஆக 15 வாரம். இந்தக் கணக்கைப் போட்ட அன்றைக்குத்தான் 200 பேர் என்று எழுதியிருந்ததை அடித்து 60 ஆக்கினேன். இன்னொன்று, ஸ்ப்ரே அடிக்கிற வேலையை மழை மாசத்தில் வைக்காதீர்கள். ஐப்பசி ஈரத்தில் வார்னிஷ் அடித்தேன், பத்து பேர் மேல் விபூதி பூசின மாதிரி வெள்ளை படிந்துவிட்டது. இப்போது மாசி, பங்குனியில் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுகிறேன். உச்சி வெயிலும் ஆகாது, பெயிண்ட் காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாக உட்காரும்.

நான்காவது படி: நிறத்தை எழுதுவது (நான் வழுக்கி விழுந்த இடம்)

திப்புவின் சிப்பாய்களுக்குப் புலிச் சட்டை என்று ஒன்று உண்டு, ஊதாத் துணியில் வெள்ளைப் புள்ளி. அந்த ஊதா கடையில் ரெடியாகக் கிடைக்கவில்லை, கலக்கினேன். முதல் 12 பேர் பிரமாதமாக வந்தார்கள். கலவையை எழுதி வைக்கவில்லை, "இது என்ன பெரிய விஷயம், நீலமும் சிவப்பும்தானே" என்று விட்டுவிட்டேன். நாலு மாசம் கழித்து அடுத்த 12 பேருக்குக் கலக்கினேன். தட்டில் பார்க்கும்போது அதே நிறம்தான். காய்ந்த பிறகு இரண்டு வரிசையையும் மேசையில் வைத்தேன், மச்சான் வந்து பார்த்துவிட்டு, "என்ன மாமா, இவங்க வேற ஊர்ப் பட்டாளமா?" என்றான்.

அக்ரிலிக் காய்ந்தால் கொஞ்சம் இருட்டாகும், அதனால் ஈரமாக இருக்கும்போது ஒப்பிடுவது வீண். அது தெரிந்து மூன்றாவது முறை காயவைத்து, காயவைத்துக் கலக்கினேன், அப்போதும் ஒட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. கடைசியில் ஒரு பொம்மையின் முழங்கைக்குள் பிரஷ் எட்டாமல் விட்டுப்போன இடத்தைப் பார்த்தேன், உள்ளே வெள்ளை. இரண்டாவது வரிசையில் அதே இடத்தில் சாம்பல். முதல் டப்பா பிரைமர் (நிறத்துக்கு முன்னால் அடிக்கும் அடிப்பூச்சு) தீர்ந்து போய் வேறு நிறம் வாங்கியிருக்கிறேன், அதை மறந்தே போய்விட்டேன். மெல்லிசாக இரண்டு கோட் அடிக்கிறவர்களுக்கு அடியில் இருக்கிற நிறம் மேலே வந்து பேசும்.

அதற்கப்புறம் செய்வது இதுதான். பழைய கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பக்கத்தை விரற்கடை அகலத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். அதில் பாதிக்கு நீங்கள் போடுகிற அதே பிரைமர், மேலே கலவை ஒரு கோட், பக்கத்தில் இரண்டு கோட். காய்ந்ததும் பின்னால் எழுதுங்கள்: பிரைமர் நிறம், எத்தனை கோட், என்ன அளவு, தேதி. அளவுக்கு மருந்துக் கடையில் 2 மில்லி சிரிஞ்ச் வாங்குங்கள், ஊசி வேண்டாம். ஃபெவிக்ரில் மாதிரி மூடி திறந்து எடுக்கிற சின்ன பாட்டிலில் "இத்தனை சொட்டு" என்று எழுதுவதற்கு அர்த்தமே இல்லை, ஒவ்வொரு சொட்டும் ஒரு சைஸ். என் புலிச் சட்டை அட்டையில் இருப்பது: வெள்ளை பிரைமர், நீலம் 0.6 மில்லி, கிரிம்சன் சிவப்பு 0.4, வெள்ளை 0.1, இரண்டு கோட்.

செயலி, எக்செல் எல்லாம் பார்த்தேன். எனக்கு கட்டம் போட்ட லாங் சைஸ் நோட்டுதான். பெயிண்ட் கையோடு போனைத் தொட முடியாது, நோட்டில் கறை பட்டால் அதுவும் ஒரு பதிவு.

ஐந்தாவது படி: போட்டோ

ஒரே ஜன்னல், ஒரே நேரம், பின்னால் ஒரே காகிதம், அவ்வளவுதான். பக்கத்தில் பழைய ஸ்டீல் ஒரு ரூபாயை வையுங்கள், 1992இல் வந்த வகை, அது சரியாக 25 மிமீ, பேஸ் (பொம்மை நிற்கிற அடித்தட்டு) வெட்டவும் அதுவே அச்சு. 2011க்குப் பிறகு வந்த ரூபாய் சின்னது, அதை வைத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

பேஸில் ஒட்ட மண்ணுக்கு எங்கும் அலைய வேண்டாம், நம்ம ஊரில் கிரானைட்டுக்கா பஞ்சம். கிரஷர் பவுடரை டீ வடிகட்டியில் சலித்து ஃபெவிகால் மேல் தூவினால் கோட்டைப் பாறை நிறம் அப்படியே வரும். சலிக்கும்போது முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. நான் இப்போது லேசாக ஈரம் தெளித்துச் சலித்து அப்புறம் காயவைக்கிறேன்.

பிறகு சேர்த்தது: தர்மபுரியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார், தெர்மோகோலில் மலை செய்து நேராக ஸ்ப்ரே பிரைமர் அடித்தாராம், மலை கண் முன்னால் குழிந்து போய்விட்டதாம். தப்பு என்னுடையது, எனக்குப் பழகிப்போனதால் எழுதாமல் விட்டேன். தெர்மோகோல் மேல் ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து இரண்டு கை பூசி, ஒரு ராத்திரி காயவிட்டு, இடுக்கு எதுவும் விடவில்லை என்று பார்த்த பிறகுதான் ஸ்ப்ரே. ஃபெவிக்விக்கும் அதைத் தின்னும், சுவரை ஒட்டவும் ஃபெவிகால்தான்.

இன்னொருவர் திப்பு படையின் ராக்கெட்டை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். தீர்ந்துபோன பேனா ரீஃபிலில் அரை சென்டிமீட்டர் வெட்டினால் அதுதான் ராக்கெட்டின் இரும்புக் குழாய், விளக்குமாற்று ஈர்க்குச்சிதான் அதன் மூங்கில். 24 செய்ய ஒன்றரை மணி நேரம் ஆனது, நோட்டில் பக்கம் 31இல் எழுதியிருக்கிறேன். ரீஃபிலில் மை மிச்சம் இருக்கிறதா என்று வெட்டுவதற்கு முன் பாருங்கள்.