மெகாவாட் செய்தியைப் பென்சிலோடு படிப்பது எப்படி?

"மாப்ளே, பாதி கரண்டு இனி காத்துலயும் வெயில்லயும்தானாமே?" 2025 ஜூலையில் மாமா பேப்பரும் கையுமாகப் போன் செய்தார். செய்தி பொய்யில்லை. இந்தியாவின் மின் நிறுவுதிறனில் (எல்லா நிலையங்களும் முழு வேகத்தில் ஓடினால் தரக்கூடிய அளவு) பாதி, நிலக்கரியும் எரிவாயுவும் அல்லாத வழிகளுக்கு வந்துவிட்டது. ஆனால் அதில் நீர்மின்சாரமும் அணுமின்சாரமும் உண்டு. அப்புறம், நிறுவுதிறன் வேறு, உற்பத்தியாகும் யூனிட் வேறு. யூனிட் கணக்கில் அந்தப் பங்கு ஏறக்குறைய கால்வாசிதான்.

துணைமின் நிலையத்தில் மணிக்கொரு தரம் லாக் ஷீட் எழுதிய கை என்னுடையது. மாமாவுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

முதலில் மெகாவாட்டை யூனிட்டாக மாற்றுங்கள். ஒரு மெகாவாட் என்பது 1000 கிலோவாட்; ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். சோலாரில் ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்குச் சுமார் 4 யூனிட் என்று வைத்தால், கமுதி சோலார் நிலையத்தின் 648 மெகாவாட்டுக்கு 26 லட்சம் யூனிட் வரும். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் 210 மெகாவாட் இயந்திரம் ஒன்றே ஒன்று 24 மணி நேரமும் முழு லோடில் ஓடினால் 50 லட்சம். மாமா நம்பவில்லை; தாளில் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. (நிலக்கரி உசத்தி என்று சொல்ல வரவில்லை. அது ஒடிசாவிலிருந்து கப்பலேறி வந்தாக வேண்டும். வெயிலுக்குக் கப்பல் கூலி கிடையாது.)

காற்றாலை என்றால் மாதத்தைக் கேளுங்கள். எங்கள் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆனி, ஆடியில் கொடியில் துணி நிற்காது. மே முதல் செப்டம்பர் வரைதான் நல்ல காற்று. ஆடி மாதத்து ஒரு நாள் உற்பத்தியை 365-ஆல் பெருக்கி யாராவது எழுதினால் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.

கடைசியாகக் கடிகாரத்தைப் பாருங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு ஊரெல்லாம் லைட்டும் ஃபேனும் போடும் நேரத்தில் சோலார் பூஜ்யம். அந்த நேரத்துக்குச் சேமிப்பு வேண்டும். கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் இதற்கென்றே 400 மெகாவாட் நிலையம் இருக்கிறது: மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது கீழே விடுவார்கள். பேட்டரிச் செய்தியில் மட்டும் இரண்டு எண்களைத் தேடுங்கள். 100 மெகாவாட் (வேகம்), 200 மெகாவாட்-மணி (மொத்த இருப்பு) என்றிருந்தால், முழு வேகத்தில் இரண்டே மணி நேரம் தாங்கும். ஏழு மணிக்குத் தொடங்கினால் ஒன்பதுக்குத் தீர்ந்துவிடும்.

போன வாரம் மாமா மறுபடி கூப்பிட்டார்: "பேட்டரி போடுறானாம் மாப்ளே, எத்தனை மணி நேரம்னு போடலையே!"