கொலஸ்ட்ரால் மாத்திரையை முதல் முறையாகத் தொடங்குகிறீர்களா? இப்படி ஆரம்பியுங்கள்

போன வருடம் மாஸ்டர் செக்கப் போனேன். எல்.டி.எல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 172. டாக்டர் அதைப் பார்த்தார், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை நோயையும் கணக்கில் எடுத்தார், ரோசுவாஸ்டாடின் 5 மி.கி. எழுதிக் கொடுத்தார். நான்கு நிமிடத்தில் வேலை முடிந்தது. மாத்திரை அட்டையோடு வீட்டுக்கு வருவதற்குள் ஆளாளுக்கு ஒன்று சொல்லிவிட்டார்கள். "ஆரம்பிச்சா விடவே முடியாது." "கல்லீரல் போயிடும்." "தினம் நாலு பல் பூண்டு முழுங்கினா போதுமே, எதுக்கு இதெல்லாம்?"

தலைவலி மாத்திரை போட்டால் அரை மணியில் தெரியும். ஸ்டாடின் என்ற இந்த வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டால் ஒன்றுமே தெரியாது, நல்லதும் தெரியாது. அதனால்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் தப்பாகச் சாப்பிடுகிறார்கள். எந்த மருந்து, எவ்வளவு என்பது உங்கள் டாக்டர் முடிவு செய்ய வேண்டியது, அதில் நான் தலையிடவில்லை. எழுதிக் கொடுத்த பிறகு நம் பக்கம் செய்ய வேண்டியதைத்தான் வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் உண்மையான பெயர்: அடோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின், சிம்வாஸ்டாடின் இப்படி எல்லாம் "ஸ்டாடின்" என்று முடியும். பக்கத்தில் மி.கி. அளவு. அதை ஒரு போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எங்கள் அப்பாவுக்கு நடந்த கதை. ஆஞ்சியோ முடித்து டிஸ்சார்ஜ் ஆனபோது ஒரு கேப்ஸ்யூல் கொடுத்தார்கள், அதற்குள்ளேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மூன்றும் இருந்தன. அவர் அதையும் சாப்பிட்டார், முன்பு எங்கள் ஊர் டாக்டர் கொடுத்திருந்த "கொழுப்பு மாத்திரை"யையும் விடாமல் சாப்பிட்டார், அதுவும் அடோர்வாஸ்டாடின்தான், பெயர் மட்டும் வேறு. ஐந்து வாரம் இரட்டை டோஸ். யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். ஒருநாள் மாத்திரை டப்பாவை ஒழுங்குபடுத்தும்போது பொடி எழுத்தைப் படித்ததால் தெரிந்தது.

நம் ஊரில் இந்தக் கூட்டு மாத்திரைகள் நிறைய உண்டு. ஆகவே புது டாக்டரிடம் போகும்போது பட்டியல் சொல்லாதீர்கள், டப்பாவையே பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். இன்னொரு லாபமும் இருக்கிறது: மருந்தின் பெயர் தெரிந்தால், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அதே மருந்தை மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ குறைந்த விலைக்கு வாங்கலாம். வருடக்கணக்கில் சாப்பிடப்போகிற மாத்திரைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது: முதல் மாத்திரைக்கு முன்பே ரத்தப் பரிசோதனை

லிப்பிட் ப்ரொஃபைல், அதாவது கொலஸ்ட்ரால் பரிசோதனை, எப்படியும் எடுத்திருப்பார்கள். கூடவே கல்லீரலுக்கு எஸ்.ஜி.பி.டி, சர்க்கரைக்கு எச்.பி.ஏ.1.சி, தைராய்டுக்கு டி.எஸ்.எச் இருக்கிறதா என்று கேளுங்கள். தைராய்டு எதற்கு என்று தோன்றும். தைராய்டு சுரப்பு குறைந்தாலே கொலஸ்ட்ரால் ஏறும், அதைச் சரிசெய்தால் தானாகவே ஓரளவு இறங்கும். அதைக் கவனிக்காமல் ஸ்டாடின் போட்டால் தசை வலி வரும் வாய்ப்பும் கூடுதல்.

எஸ்.ஜி.பி.டி லேசாகக் கூடியிருந்தால் பயப்படாதீர்கள், ஃபேட்டி லிவர் உள்ள பலருக்கு அப்படித்தான் இருக்கும், பெரும்பாலும் அது ஸ்டாடினுக்குத் தடை இல்லை. மேல் எல்லையைப் போல மூன்று மடங்கைத் தாண்டினால்தான் டாக்டர் யோசிப்பார். ஆரம்ப ரிப்போர்ட் கையில் இருந்தால்தான் பின்னால் ஏதாவது ஏறும்போது "இது மாத்திரையாலா, முன்பே இருந்ததா" என்று தெரியும்.

மூன்றாவது: டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்

கர்ப்பமாக இருக்கிறீர்கள், அல்லது அதற்குத் திட்டம் இருக்கிறது, அல்லது தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் அதுதான் முதல் வாக்கியமாக இருக்க வேண்டும். மது பழக்கம், கல்லீரல் அல்லது சிறுநீரகக் கோளாறு, முன்பு ஏதாவது ஸ்டாடின் சாப்பிட்டு ஒத்துக்கொள்ளாமல் போனது, இதையும் மறைக்காதீர்கள். சாப்பிடும் லேகியம், சூரணம், ஆன்லைனில் வாங்கிய கேப்ஸ்யூல் எல்லாமும். குறிப்பாக "சிவப்பு ஈஸ்ட் அரிசி" என்று விற்கிறார்களே, அதில் இருக்கும் மோனகோலின் கே என்பது லோவாஸ்டாடினேதான். இயற்கை என்று நினைத்து இன்னொரு ஸ்டாடினைச் சேர்த்துச் சாப்பிட்ட கணக்கு.

இன்னொன்று. பக்கத்து வீட்டுக்காரர் 20 மி.கி. போடுகிறார், எனக்கு 5 தானா என்று நானே கேட்டேன். ஆசிய வம்சாவளியினருக்கு ரோசுவாஸ்டாடின் ரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு சேர்கிறது, அதனால் 5-ல் தொடங்கலாம் என்று அமெரிக்க மருந்துக் குறிப்பிலேயே போட்டிருக்கிறது. அளவு சின்னதாக இருக்கிறதே என்று குறைபட வேண்டாம்.

நான்காவது: நேரம்

அடோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் இரண்டும் உடம்பில் நீண்ட நேரம் நிற்கும். காலையோ ராத்திரியோ, சாப்பாட்டுக்கு முன்போ பின்போ, தினமும் ஒரே நேரம் என்றால் போதும். சிம்வாஸ்டாடின் மட்டும் ராத்திரி: அது சீக்கிரம் கரைந்துவிடும், கல்லீரலோ கொலஸ்ட்ராலை ராத்திரியில்தான் அதிகம் தயாரிக்கிறது. நான் பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் அட்டையை வைத்துவிட்டேன், மறப்பதே இல்லை. ஒருநாள் மறந்துவிட்டால் அடுத்த நாள் இரண்டாகப் போடாதீர்கள், வழக்கம்போல ஒன்றுதான்.

ஐந்தாவது: வேறு மருந்து வாங்கும்போது

மெடிக்கல் ஷாப்பில் போய் "இருமல், சளி, ஏதாவது கொடுங்க" என்று வாங்கும் பழக்கம் நமக்கு உண்டு. ஸ்டாடின் சாப்பிடுகிறவர்கள் அதை விட்டுவிட வேண்டும். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குகளும், படர்தாமரைக்குக் கொடுக்கும் இட்ராகோனசோலும் அடோர்வாஸ்டாடின், சிம்வாஸ்டாடின் இரண்டையும் உடம்பிலிருந்து வெளியேற விடாமல் தேக்கி வைக்கும். டாக்டரிடம் சொன்னால் வேறு மருந்து தருவார், அல்லது அந்தச் சில நாட்களுக்கு ஸ்டாடினை நிறுத்தச் சொல்வார். ரோசுவாஸ்டாடின்காரர்களுக்கு இன்னொரு சங்கதி: நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற அலுமினியம், மெக்னீசியம் கலந்த ஆன்டாசிட், மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான்.

பழம்? கிரேப்ஃப்ரூட்டும் அதன் சொந்தக்காரரான பம்ப்ளிமாஸும்தான் சிக்கல். சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு தாராளமாகச் சாப்பிடலாம்.

ஆறாவது: வலி வந்தால்

எல்லோரும் பயப்படும் இடம் இது. எனக்கும் மூன்றாவது வாரம் தொடை வலித்தது. உடனே மாத்திரைதான் என்று முடிவு கட்டினேன். பிறகு யோசித்தால், அதற்கு முந்தைய ஞாயிறுதான் வீடு மாற்றினோம், பீரோ தூக்கியது நான்.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஒரு ஆய்வு செய்தார்கள், 2020-ல் வெளியானது, பெயர் சாம்சன். பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாடினை விட்டுவிட்ட 60 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு வருடத்தில் நான்கு மாதம் நிஜ ஸ்டாடின், நான்கு மாதம் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, நான்கு மாதம் ஒன்றுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எது நிஜம், எது போலி என்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்டாடின் சாப்பிட்டபோது வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெறும் மாத்திரைக்கும் வந்தது! வலி பொய் என்று அர்த்தம் இல்லை, வலித்தது நிஜம்தான். காரணம் பெரும்பாலும் மருந்தில் இல்லை, அவ்வளவுதான். முடிவு தெரிந்த பிறகு பாதிப் பேர் திரும்ப மாத்திரைக்கு வந்தார்கள்.

அதற்காக எல்லா வலியையும் மனப்பிரமை என்று ஒதுக்கக் கூடாது. இரண்டு பக்கத் தொடை, தோள், இடுப்பில் ஒரே மாதிரி வலியும் பலவீனமும் வந்தால் டாக்டரைப் பாருங்கள், தசை பாதிப்பைக் காட்டும் சி.பி.கே என்ற ரத்தப் பரிசோதனை எழுதுவார் (ஜிம்முக்குப் போய்விட்டு அதைக் கொடுக்காதீர்கள், உடற்பயிற்சிக்கே அது ஏறும்). டோஸைக் குறைக்கலாம், வேறு ஸ்டாடினுக்கு மாற்றலாம், வழி இருக்கிறது. ஆனால் கடுமையான வலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால், கண் மஞ்சளானால், காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. மிக அபூர்வம்தான், வந்தால் முதலாவது சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், இரண்டாவது கல்லீரல் பாதிப்பின் அடையாளம்.

சர்க்கரை கொஞ்சம் ஏறும் என்பதும் உண்மை. கொஞ்சம்தான். அதற்காக ஸ்டாடினை விடுவது, கொசுவுக்குப் பயந்து வீட்டைக் காலி செய்கிற மாதிரி.

ஏழாவது: மறுபடி ரத்தப் பரிசோதனை

4 முதல் 12 வாரத்துக்குள் லிப்பிட் ப்ரொஃபைல் திரும்ப எடுங்கள், முடிந்தால் அதே லேபில். என்னுடையது 104 வந்தது. பெருமையாகப் போய் நின்றேன், டாக்டருக்குத் திருப்தி இல்லை. இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் கொடுத்த வழிகாட்டுதல்படி பொதுவாக எல்.டி.எல் 100-க்குக் கீழே, என்னைப் போலச் சர்க்கரை உள்ளவர்களுக்கு 70-க்குக் கீழே, ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு 55-க்குக் கீழே. லேப் தாளில் "நார்மல்" என்று அச்சடித்திருக்கும் எண் உங்களுடைய இலக்கு இல்லை, அதை டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போ டோஸை இரட்டிப்பாக்கினால் பாதியாகுமா என்றால், ஆகாது. ஒவ்வொரு முறை இரட்டிப்பாக்கும்போதும் இன்னும் 6 சதவீதம் அளவுக்குத்தான் இறங்கும். அதனால் எனக்கு டோஸைக் கொஞ்சம் கூட்டி, குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சுவதைத் தடுக்கும் எஸெடிமைப் என்ற மாத்திரையையும் சேர்த்தார்.

போன வாரம் 68. வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட்டைப் பார்த்த மச்சான் கேட்டார்: "அதான் இறங்கிடுச்சே மாப்ள, இன்னும் எதுக்கு மாத்திரை?" மாத்திரையால்தான் இறங்கியிருக்கிறது மச்சான், நிறுத்தினால் சில வாரத்தில் பழைய இடத்துக்கே போய்விடும் என்றேன். அவர் தன் அட்டையை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறதாம். சனிக்கிழமை லேபுக்குக் கூட்டிப் போகிறேன்.