பக்கத்து வீட்டில் அடி விழும்போது நாம் செய்ய வேண்டியது

நடுராத்திரியில் பாத்திரம் உருளும், ஒரு பெண் அலறுவார், நாம் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு 'புருஷன் பொண்டாட்டி விவகாரம், நமக்கெதுக்கு' என்று இருந்துவிடுவோம். தயவுசெய்து அப்படி இருக்காதீர்கள். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100-க்குச் சுமார் 38 பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்தவர்கள். உங்கள் தெருவிலும் இருப்பார்கள்.

சத்தம் கேட்கும்போதே போய்க் கதவைத் தட்டுங்கள், ஆனால் தனியாகப் போக வேண்டாம். நியாயம் கேட்கவும் வேண்டாம், "மோட்டார் போடணும், சாவி இருக்கா?" என்றால் போதும், ஓங்கிய கை அந்த நேரத்துக்காவது இறங்கும். கத்தி, அரிவாள் என்று போனால் உடனே அவசர உதவி எண் 112-க்குக் கூப்பிடுங்கள்.

மறுநாள் கணவன் வேலைக்குப் போன பிறகு அந்தப் பெண்ணிடம் பேசுங்கள். "ஏன் இன்னும் அவன்கூட இருக்க?" என்று மட்டும் கேட்காதீர்கள், "அனுசரிச்சுப் போம்மா" என்பதும் வேண்டாம். வீட்டைவிட்டுக் கிளம்பும் சமயம்தான் பல பெண்களுக்கு உயிருக்கே ஆபத்தான சமயம், அதனால் எப்போது கிளம்புவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். நாம் செய்யக்கூடியது வழியைத் தயாராக வைப்பது: ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், பிள்ளைகளின் சர்டிஃபிகேட் இவற்றின் நகல்கள், கொஞ்சம் பணம், ஒரு மாற்றுத்துணி எல்லாம் ஒரு பையில் உங்கள் வீட்டிலோ அவர் நம்பும் இன்னொருவர் வீட்டிலோ இருக்கட்டும்.

காயம் இருந்தால் அரசு மருத்துவமனைக்குக் கூடவே போங்கள். அங்கேதான் நிறைய வழக்குகள் பலவீனமாகிப் போகின்றன. கணவனோ மாமியாரோ பக்கத்தில் நிற்க, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்வார், விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆரில், அப்படியே எழுதிவிடுவார்கள், பிறகு கோர்ட்டில் அந்த ஒரு வரியை வைத்தே எதிர்த்தரப்பு வாதாடும். யார் அடித்தது, எதனால் அடித்தது என்று டாக்டரிடம் தனியாகச் சொல்ல வழி செய்யுங்கள். காயத்தைப் போட்டோ எடுத்து வேறு போனில் வைத்திருங்கள்.

எல்லாப் பெண்களுக்கும் போலீஸ், கேஸ் என்று போக விருப்பம் இருக்காது. பெண்கள் உதவி எண் 181-க்கு எந்த நேரமும் பேசலாம். மாவட்டத்தில் இருக்கும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவம், கவுன்சலிங், சட்ட உதவி, சில நாட்கள் தங்க இடம் எல்லாம் கிடைக்கும். அப்புறம் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டப்படி அவரிடம் யார் வேண்டுமானாலும் தகவல் சொல்லலாம், நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்கு வராது. அவர் வழியாக மாஜிஸ்ட்ரேட்டிடம் பாதுகாப்பு உத்தரவும் ஜீவனாம்சமும் கேட்கலாம், பாதுகாப்பு உத்தரவை மீறினால் கணவனுக்கு ஓராண்டு வரை சிறை. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் கணவனோடு குடும்பம் நடத்திய வீடு என்றால் அங்கே வசிக்க உரிமை கேட்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வக்கீல் செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும், நம்பர் 15100.

மகளிர் காவல் நிலையம் போனால் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசி அனுப்பப் பார்ப்பார்கள். மனுவை எழுத்தில் கொடுங்கள், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பாலியல் வன்முறை என்றால் எஃப்.ஐ.ஆருக்குக் காத்திருக்காதீர்கள், நேரே ஆஸ்பத்திரிதான். தனியார் மருத்துவமனையும் இலவசமாகச் சிகிச்சை தந்தாக வேண்டும், மறுப்பது குற்றம். கருத்தடை மாத்திரைக்கும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கும் 72 மணி நேரத்துக்குள் போக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. முடிந்தால் குளிக்காமல், உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்துப் போகட்டும்.

இவ்வளவும் செய்த பிறகு அந்தப் பெண் மறுபடி கணவனிடமே போகலாம், பிள்ளைக்காக, காசில்லாமல், அம்மா வீட்டில் சேர்க்காததால். கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பை அங்கேயே இருக்கட்டும், உங்கள் நம்பரை வேறு பெயரில் சேமித்து வைக்கச் சொல்லுங்கள், அடுத்த முறை கூப்பிட்டால் எடுங்கள்.