நெடுந்தீவிலிருந்து ஸ்கான் ரிப்போட்டை டொக்டருக்குக் காட்டுவது எப்படி?

நெடுந்தீவில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை முதல் பிள்ளைக்குக் கர்ப்பமாக இருந்தபோதுதான் இதையெல்லாம் பழகினேன். குறிகட்டுவானுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், பிறகு யாழ்ப்பாணத்துக்கு பஸ். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. "அக்கா, ஸ்கானையும் போனிலேயே எடுக்க ஏலாதோ?" என்றாள். ஏலாது. கருவியின் முனை வயிற்றைத் தொட வேண்டும். ஸ்கானுக்கு ஒருமுறை போகத்தான் வேண்டும். முடிவைக் கேட்க மறுபடி படகேறுவதைத்தான் மிச்சம் பிடிக்கலாம்.

முதலில், கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கிழமைகளை எண்ணுங்கள். 11 முதல் 14 கிழமைக்குள் எடுக்கும் ஸ்கானில்தான் பிரசவத் திகதி சரியாகத் தெரியும். 18 முதல் 22 கிழமைக்குள் எடுப்பது குழந்தையின் உறுப்புகளைப் பார்க்க. போன் வழியே பார்ப்பாரா என்று டொக்டரிடம் முன்பே கேட்டு வையுங்கள். உங்கள் பகுதி மிட்வைஃபுக்கும் சொல்லுங்கள்.

ஸ்கான் எடுத்த இடத்தில் படத்தோடு திரும்பிவிடாதீர்கள். டொக்டருக்கு வேண்டியது எழுதிய ரிப்போட். அதில் பி.பி.டி என்றால் தலையின் குறுக்களவு, எச்.சி தலைச் சுற்றளவு, ஏ.சி வயிற்றுச் சுற்றளவு, எஃப்.எல் தொடை எலும்பின் நீளம். நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது, பிள்ளையைச் சுற்றியுள்ள நீர் எவ்வளவு என்பதும் இருக்க வேண்டும். பிந்திய ஸ்கானில் பிரசவத் திகதி சில நாள் தள்ளி வந்தால் பதறாதீர்கள், பொதுவாக முந்தியதைத்தான் வைத்துக்கொள்வார்கள்.

ஸ்கான் படத்தை லேமினேட் செய்யவே கூடாது. பத்திரமாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டு நான் ஒரு கடையில் கொடுத்தேன். சூடு பட்டால் கறுக்கிற தாள் அது. தங்கை மகனின் முதல் படம் கரியாகத் திரும்பி வந்தது.

சரி, இனி அனுப்புவது. பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், தாளை மேசையில் விரித்து நேர் மேலிருந்து படம் எடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாகப் போட்டால் சுருங்கி எழுத்து மங்கும். டொக்கியுமென்ட் என்பதைத் தெரிவு செய்து அனுப்புங்கள். கிளினிக் கார்டில் இரத்த அழுத்தம், எடை, ஹீமோகுளோபின் எழுதிய பக்கங்களையும் சேருங்கள். அனுப்பும் முன் பெரிதாக்கி நீங்களே வாசித்துப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத எழுத்து அவருக்கும் தெரியாது.

பேசும்போது கொப்பி, பேனையோடு சிக்னல் நிற்கிற இடத்தில் இருங்கள். தங்கைக்கு அது கிணற்றடி. வீடியோ இழுபட்டால் குரல் மட்டும் போதும், படம்தான் ஏற்கெனவே போய்விட்டதே. கேள்விகளை முன்பே எழுதி வைத்து, அடுத்து எப்போது, எங்கே என்பதைக் கேட்டுக் குறியுங்கள்.

இரத்தம் போனாலோ, பன்னீர்க்குடம் உடைந்தாலோ, கடுமையான தலையிடியோடு கண் மங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ போனை வைத்துவிட்டு நேரே தீவு வைத்தியசாலைக்கு ஓடுங்கள். கடல் கடத்தும் ஏற்பாட்டை அவர்கள் பார்ப்பார்கள். தரைவழியாகப் போகக்கூடிய இடத்தில் இருந்தால் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.