ஜென்ஷின் புதுசா ஆடுறவங்களுக்கு: நாலு பேரை வளத்தா போதும்

ஜென்ஷின் இம்பாக்ட்ங்கிற கேம்ல உள்ள போனதும் முக்காவாசி பேர் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு, புதுசா ஒரு கேரக்டர் கிடைச்சதும் கையில இருக்குற புக்கு (லெவல் ஏத்துறதுக்கு), மோரா (கேம் காசு) எல்லாத்தையும் அவங்க மேல கொட்டி லெவல் ஏத்துறது. நானும் அதையேதான் பண்ணேன். ரெண்டு மாசம் ஆடுனதுக்கப்புறம் பாத்தா பன்னெண்டு பேர் லெவல் 40ல வரிசையா நிக்கிறாங்க, ஒருத்தர்கூட உருப்படியா அடிக்கல. நம்ம அக்கவுண்ட்டோட அட்வென்ச்சர் ரேங்க் (சுருக்கமா ஏஆர்) ஏற ஏற வேர்ல்ட் லெவலும் ஏறும், அதோட எதிரிங்களும் தடிப்பாயிட்டே போவாங்க, நம்ம பன்னெண்டு பேருக்கும் பங்கு போட்டா யாருக்கும் வயிறு நிறையாது. அதனால முதல்லயே சொல்லிடறேன், பார்ட்டில நாலு பேர்தான் நிக்க முடியும், அந்த நாலு பேரை மட்டும் வளங்க, மத்தவங்க எவ்ளோ அழகா இருந்தாலும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும்.

கேம் 2020 செப்டம்பர் 28ல வந்தது, அதுக்கப்புறம் சுமார் ஆறு வாரத்துக்கு ஒரு அப்டேட்னு மேப் வளந்துட்டே இருக்கு. இப்ப ஆரம்பிச்சா ரொம்ப லேட்டோன்னு யோசிக்காதீங்க, இது தனியா ஆடுற கதை கேம்தான், பக்கத்துல ஓடுறவனை முந்தணும்னு எதுவும் இல்ல. ஆனா சர்வர் மட்டும் பாத்து எடுங்க. ஒரு சர்வர்ல ஆடுனது இன்னொண்ணுக்கு வராது, எல்லாம் முதல்லேர்ந்துதான். கூட ஆடப்போற நண்பர்கள் எதுல இருக்காங்கன்னு கேட்டுட்டு, அவங்க யாரும் இல்லன்னா பிங் (சர்வர் பதில் வர ஆகுற நேரம்) கம்மியா வர்ற சர்வரை எடுங்க. பிங் நம்பர் ஸ்கிரீன் மூலையில தெரியும், அது செவப்பாச்சுன்னா அடி லேட்டாதான் விழும்.

இப்ப சண்டைக்கு வருவோம். ஒரே ஆளை வெச்சு பட்டனை அமுக்கிட்டே இருந்தா இந்த கேம் செம போரு, உண்மையில கஷ்டமும் கூட. இங்க மொத்தம் ஏழு எலிமென்ட், பைரோன்னா நெருப்பு, ஹைட்ரோ தண்ணி, க்ரயோ பனி, எலெக்ட்ரோ மின்சாரம், அனிமோ காத்து, ஜியோ கல்லு, டெண்ட்ரோ செடிகொடி. ஒண்ணு ஒட்டியிருக்குற எதிரி மேல இன்னொண்ணை அடிச்சா ரியாக்ஷன் வரும், டேமேஜே அங்கதான் இருக்கு. தண்ணில நனைஞ்சவன் மேல நெருப்பு அடிச்சா வேப்பரைஸ், அந்த அடி ஒன்றரை மடங்கு. அதையே திருப்பி, நெருப்பு பத்தியிருக்குறவன் மேல தண்ணி அடிச்சா ரெண்டு மடங்கு. பனி மேல நெருப்பு விழுந்தா மெல்ட், அங்க நெருப்புக்குத்தான் ரெண்டு மடங்கு. தண்ணியும் பனியும் சேந்தா ஆளு அப்படியே உறைஞ்சு நிப்பான். இந்த நாலை மனசுல வெச்சுக்கிட்டாலே ஆரம்பத்துக்கு போதும், மிச்சம் ஆட ஆட தானா வரும்.

அபிஸ் மேஜ்னு ஒருத்தன் வருவான், சுத்தி பபிள் மாதிரி கவசம் போட்டுட்டு மிதப்பான், புதுசா ஆடுறவங்க எல்லாரும் அவன்கிட்டதான் அழுவாங்க. வாளால அம்பது அடி அடிச்சாலும் அந்த கவசம் அசையாது. கவசம் எந்த எலிமென்ட்னு பாத்து எதிர்ல அடிங்க, நெருப்பு கவசத்துக்கு தண்ணி, பனி கவசத்துக்கு நெருப்பு, தண்ணி கவசத்துக்கு பனி. உடைஞ்சதும் பொத்துனு கீழ விழுவான், அப்ப எல்லாரும் சேந்து மொத்துங்க. மரக் கேடயம் புடிச்சிட்டு வர்ற ஹிலிச்சர்லுக்கும் இதே கதைதான், ஆம்பர் விட்ற ஒரு நெருப்பு அம்பு போதும், கேடயம் எரிஞ்சு போயிடும்.

சரி, யாரு அந்த நாலு பேரு? ஆரம்பத்துல காசு எதுவும் போடாம ட்ராவலர், ஆம்பர், கேயா, லிசா வருவாங்க, கொஞ்சம் ஆடுனா பார்பராவும் ஃப்ரீ. ஏஆர் 20ல ஸ்பைரல் அபிஸ்னு மாடி மாடியா சண்டை போடுற இடம் திறக்கும், அதுல மூணாவது ஃப்ளோர் மூணாவது சேம்பர் முடிச்சா ஷியாங்லிங் ஃப்ரீயா கிடைப்பா. எத்தனை வருஷம் ஆனாலும் அவளை விட்றாதீங்க. நாலு ஸ்டார்தான், ஆனா அவளோட பர்ஸ்ட் (எனர்ஜி நிரம்புனதும் போடுற பெரிய அடி) போட்டா ஒரு நெருப்பு சக்கரம் பத்து செகண்ட் சுத்தும், நீங்க வேற ஆளுக்கு மாறுனாலும் அது கூடவே வந்து சுத்தும். இனாஸுமாங்கிற ஏரியாவுக்குப் போனதும் மீன் புடிச்சு குடுத்தா த கேட்ச்னு ஒரு ஈட்டி தருவாங்க, சும்மா கிடைக்கிறது, அவளுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்.

பென்னெட்டும் ஷிங்சியூவும் பேனர்ல, அதாவது லாட்டரி மாதிரி கேரக்டர் இழுக்குற இடத்துல, விழுந்தா (ரெண்டு பேருமே நாலு ஸ்டார்தான்) கூட சேத்துக்கோங்க. ஆடுற முறையைச் சொல்றேன், ஒருதடவை கையில பழகிட்டா அப்புறம் கண்ணை மூடிட்டு வரும். முதல்ல ஷிங்சியூ இறங்கி பர்ஸ்ட் போடுறான், அடுத்து பென்னெட் பர்ஸ்ட், தரையில ஒரு நெருப்பு வட்டம் விழும், அதுக்குள்ள நின்னா அட்டாக் ஏறும், உயிர் கம்மியா இருந்தா அதுவும் ஏறும். அந்த வட்டத்துக்குள்ளயே நின்னுட்டு ஷியாங்லிங்குக்கு மாறி அவ பர்ஸ்ட்டைப் போடுங்க. வெளிய வந்து போட்டா வேஸ்ட்டு. ஏன்னா போட்ற நொடியில அவகிட்ட என்ன அட்டாக் இருக்கோ அதையே சக்கரம் கடைசி வரைக்கும் வெச்சுக்கும், அப்புறம் வட்டத்தை விட்டு எங்க வேணா ஓடலாம். இப்ப சும்மா நார்மல் அட்டாக் தட்டிட்டே இருங்க, ஒவ்வொரு தட்டுக்கும் ஷிங்சியூவோட தண்ணி வாள் பாயும், நனைஞ்சவன் மேல சக்கரம் உரசும், வேப்பரைஸ் வேப்பரைஸ்னு நம்பர் கொட்டும். நாலாவது ஆளா யாரை வேணா வெச்சுக்கலாம்.

அடுத்து ரெசின், அதாவது பாஸ், டோமெய்ன்ல பரிசு எடுக்க செலவாகுற எனர்ஜி. எட்டு நிமிஷத்துக்கு ஒண்ணு ஊறும், 200 ஆனதும் நின்னுடும், அதாவது காலியான நேரத்துலேர்ந்து 26 மணி 40 நிமிஷத்துல நிரம்பிடும். ஒரு நாளைக்கு ஒரு தடவை உள்ள வந்து செலவு பண்ணாலே வீணாகாது, ராத்திரி அலாரம் வெச்சு எந்திரிக்கிற அளவுக்கெல்லாம் இது வொர்த் இல்ல. எதுல செலவு பண்றதுன்னா, ஏஆர் 45 வரைக்கும் ஆர்டிஃபாக்ட் (ஆளுங்களுக்கு மாட்டி விட்ற அணிகலன்) தர்ற டோமெய்ன் (சண்டை அறை) பக்கம் தலை வெச்சுகூட படுக்காதீங்க. அந்த ரேங்க்ல திறக்குற டோமெய்ன் லெவல்லதான் ஒவ்வொரு தடவையும் அஞ்சு ஸ்டார் ஆர்டிஃபாக்ட் உறுதியா விழும், அதுக்கு முன்னாடி கொட்டுற ரெசின் அத்தனையும் தண்டம். அதுவரைக்கும் பாஸ், லே லைன் (புக்கும் மோராவும் தர்றது), டேலண்ட் புக்கு (ஆளோட திறமையை ஏத்துறது), வெப்பன் மெட்டீரியல்னு போயிட்டே இருங்க. வெப்பன் லெவலை நெறைய பேர் மறந்துடறாங்க, ஆளு 60, கையில இருக்குற ஈட்டி 20. அப்புறம் எப்படி அடி விழும்?

ஏஆர் 45 ஆனதும் ஆர்டிஃபாக்ட் பைத்தியம் புடிக்கும், தப்பிக்க முடியாது. அடிக்கிற ஆளுக்கு பொதுவா மணல் கடிகாரத்துல அட்டாக் சதவீதம், கோப்பையில அவங்க எலிமென்ட் டேமேஜ், கிரீடத்துல கிரிட் (அப்பப்ப கூடுதலா விழுற அடி). எல்லாருக்கும் பிறவியிலயே கிரிட் ரேட் (அது விழுற வாய்ப்பு) 5 சதவீதம், கிரிட் டேமேஜ் (எவ்ளோ கூடுதலா விழும்ங்கிறது) 50 சதவீதம் இருக்கும், ரேட் ஒண்ணுக்கு டேமேஜ் ரெண்டுங்கிற கணக்குல ஏத்திட்டுப் போங்க. புதுசா ஒண்ணு விழுந்ததும் நேரா 20க்கு ஏத்தாதீங்க. 4க்கு ஏத்திப் பாருங்க, 8க்கு பாருங்க. நாலு லெவலுக்கு ஒரு தடவை கீழ இருக்குற சப்ஸ்டாட்ல (துணை நம்பர்கள்ல) ஏதோ ஒண்ணு ஏறும், மூணே மூணுதான் இருந்துச்சுன்னா முதல்ல நாலாவது ஒண்ணு முளைக்கும். கிரிட் ரெண்டும் சேந்து இருக்கேன்னு ஆசையா ஏத்துனா மூணு தடவையும் டிஃபென்ஸ்லயே போய் உக்காரும், அதை அங்கயே நிறுத்தி இன்னொண்ணுக்கு தீனியா போட்டுட்டு போயிட்டே இருக்கணும்.

இப்ப கடைசியா காசு தின்ற விஷயம், பேனர். ஒரு புல்லுக்கு (ஒரு தடவை இழுக்குறதுக்கு) 160 பிரிமோஜெம் (கேம்ல சேக்குற ரத்தினம்). அஞ்சு ஸ்டார் வர வாய்ப்பு 0.6 சதவீதம், கேட்டா சிரிப்பு வரும், ஆனா 90வது புல்லுக்குள்ள ஒண்ணு கட்டாயம் வரும், இதைத்தான் பிட்டின்னு சொல்றது. நடைமுறையில 73 தாண்டுனதும் வாய்ப்பு மளமளன்னு ஏறிடும், அதனால 80க்குள்ள முக்காவாசி பேருக்கு விழுந்துடும். வர்றது பேனர்ல இருக்குற ஆளாவே இருக்கணும்னு இல்ல, கிட்டத்தட்ட பாதிக்குப் பாதிதான். தோத்துட்டீங்கன்னா அடுத்த அஞ்சு ஸ்டார் உறுதியா பேனர் ஆளு. அப்ப படு மோசமா போனா 180 புல், 28,800 பிரிமோஜெம். டெய்லி கமிஷன் (தினமும் வர்ற சின்ன வேலை) நாலும் முடிச்சு கில்டு கவுன்டர்ல நிக்கிற கேத்தரின்கிட்ட போய் வாங்குனா ஒரு நாளைக்கு 60, மாசத்துக்கு 1,800, அதாவது பதினோரு புல். கதை, பெட்டி, ஈவென்ட்ல வர்றது தனி. இந்த கணக்கைப் பாத்தாலே புரியும், வர்ற பேனருக்கெல்லாம் கை வெக்க முடியாது, புடிச்ச ஒருத்தருக்காக சேத்து வெக்கணும்.

பிட்டி எண்ணிக்கையும் அந்த உறுதியும் அடுத்த கேரக்டர் பேனருக்கு அப்படியே போகும், வெப்பன் பேனருக்கு போகாது. நான் ஒரு தடவை தோத்து, உறுதி கையில இருக்கு, பிட்டி 60 கிட்ட நிக்குது, எனக்கு வேண்டிய ஆளு அடுத்த அப்டேட்ல வர்றான். நடுவுல ஒரு நாலு ஸ்டார் மேல ஆசைப்பட்டு, ஒரே ஒரு பத்து புல்தானேன்னு அமுக்குனேன். தங்கக் கலர் (அஞ்சு ஸ்டார்) விழுந்துச்சு. வேண்டாத பேனர் ஆளு வந்து நிக்கிறா, உறுதியும் போச்சு, அந்த நாலு ஸ்டாரும் வரல. அன்னிக்கு கேமை மூடிட்டு போய் படுத்துட்டேன்.

எப்பவும் இருக்குற ஸ்டாண்டர்ட் பேனர்ல பிரிமோஜெம் போடவே போடாதீங்க, அதுக்கான நீலக் கலர் விஷ் தானா கிடைக்கும், கிடைச்சா மட்டும் இழுங்க. மாசாமாசம் கடையில ஸ்டார்டஸ்ட் (இழுக்குறப்ப கூடவே கிடைக்கிறது) குடுத்து அஞ்சு இன்டர்ட்வைண்ட் ஃபேட் (கேரக்டர் பேனர்ல இழுக்குற டிக்கெட்) வாங்கலாம், ஒண்ணுக்கு 75, மறக்காதீங்க. அப்டேட்டுக்கு முன்னாடி நேரலை போடுறப்ப மூணு கோட் வரும், சேத்து 300 பிரிமோஜெம், சீக்கிரமே காலாவதி ஆயிடும். கோடை கேம் செட்டிங்ஸ்லயோ அவங்க அதிகாரப்பூர்வ தளத்துலயோ மட்டும் போடுங்க. ஃப்ரீ பிரிமோஜெம் தர்றேன்னு பாஸ்வேர்ட் கேக்குற எதுவா இருந்தாலும் அது அக்கவுண்ட்டைத் தூக்குற வேலை.

ஏஆர் 16ல கோ-ஆப் (மத்தவங்களோட சேந்து ஆடுறது) திறக்கும். அடுத்தவங்க உலகத்துக்குப் போனா பெட்டி திறக்குறது அவங்க மட்டும்தான், ஆனா செடி, பூ, தாது எல்லாம் நீங்களும் எடுக்கலாம், எடுத்தா அவங்களுக்கு திரும்ப முளைக்க ரெண்டு மூணு நாள் ஆகும். அதனால முதல்ல சாட்ல கேளுங்க. கேக்காம பறிச்சா சொல்லாம கொள்ளாம வெளிய தள்ளிடுவாங்க, நானே ரெண்டு பேரை தள்ளியிருக்கேன்.