பழைய ஃபிஃப்த் வீல் வாங்கப் போகிறீர்களா?

எண்ணூர், மணலி பக்கம் கன்டெய்னர் ட்ரெய்லர் வைத்திருப்பவர்கள் பழைய ஃபிஃப்த் வீல் (இழுக்கும் வண்டியின் மேல் இருந்து ட்ரெய்லரைப் பூட்டிப் பிடிக்கும் இணைப்பு) வாங்கும்போது, பெயின்ட்டைச் சுரண்டியாவது அதன் விவரத் தகட்டைப் படித்துவிடுங்கள். வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் நாட்டு எண்ணும், கூடவே '55ஆர்' என்றும் இருந்தால், அது ஐ.நா.வின் 55ஆம் விதிமுறைப்படி சோதித்து ஒப்புதல் பெற்ற மாடல். 'டி' மதிப்பு இழுவிசையைத் தாங்கும் அளவு, கிலோநியூட்டனில் இருக்கும். 'யூ' மேலே ஏறும் பாரம், டன்னில். இரண்டும் உங்கள் வண்டிக்குப் போதுமா என்று பாருங்கள். வெல்டிங் வைத்த பீஸா? சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

அப்புறம் கிங்பின், அதாவது ஃபிஃப்த் வீலுக்குள் பூட்டிக்கொள்ளும் ட்ரெய்லரின் அடிப்பக்க முளை. 2 அங்குல பின் புதிதில் 50.8 மி.மீ. தேய்ந்து 49க்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். கண்ணால் பார்த்தால் தெரியாது, வெர்னியர் காலிப்பர் வைத்து அளக்கணும்.